நூறு நாள் தண்டல்: உண்மையான வட்டி எவ்வளவு?

(திரையில்: வேலந்தாவளம் காய்கறிச் சந்தை)

பாலக்காடு மாவட்டத்துல, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின ஊர் வேலந்தாவளம். இங்கே காய் எடுக்க ஒருத்தர் தண்டல் வாங்குறார்னு வைங்க. எழுதுற தொகை 10,000 ரூபாய். 1,000 பிடிச்சுக்கிட்டுக் கையில தர்றது 9,000. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டணும். நூத்துக்குப் பத்து வட்டி மாதிரிதான் தெரியும்.

ஆனா அந்த 9,000 நூறு நாளும் உங்ககிட்ட நிக்கிறதில்லை. மறுநாளே 100 ரூபாய் திரும்பிப் போகுது. தினமும் மிச்சம் நிக்கிற அசலைக் கூட்டி நூறால வகுத்தா சுமார் 4,700 ரூபாய்தான் வரும். அந்த 4,700-க்கு, 100 நாளைக்கு, 1,000 ரூபாய் வட்டி.

(திரையில்: 1,000 ÷ 4,700 × 365 ÷ 100)

வருஷக் கணக்குல 77 சதவீதத்துக்கு மேல!

அதே ஊர்ல நிலம் வச்சிருக்கிற விவசாயிக்கு, கிசான் கிரெடிட் கார்டுல 3 லட்சம் வரைக்கும் பயிர்க்கடன் 7 சதவீதம். தவணை தவறாம கட்டினா 4. இந்த இடைவெளிக்குப் பேராசை மட்டும் காரணமில்லை. 100 ரூபாய் வசூலிக்கத் தினமும் ஒரு ஆள் பைக்ல வரணும், வராத கடனும் இருக்கும். ஆனாலும் அந்தச் செலவு முழுக்க அடமானம் வைக்க ஒண்ணுமில்லாதவர் தலையில விழுறது நியாயமே இல்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் கேப்லோவிட்ஸ், நியூயார்க் அரசுக் குடியிருப்புக் குடும்பங்களை ஆராய்ஞ்சு 1963-ல காட்டினதும் இதைத்தான். பெரிய கடையில அவங்களுக்குக் கடன் கிடைக்காது. தவணைக்குத் தர்ற கடைக்காரர் விலையை ஏத்தியே விப்பார். ஒரே டிவிக்கு ஏழைதான் அதிகம் கொடுப்பார்.

நம்ம ஊர்த் தவணைக் கடன்ல இது 'ஃபிளாட்' வட்டிங்கிற பேர்ல வரும். 20,000 ரூபாய், 12 சதவீதம் ஃபிளாட், 12 மாசம். வட்டி 2,400, தவணை 1,867. அசல் குறைஞ்சாலும் வட்டி குறையாததால உண்மையான விகிதம் 21 சதவீதத்துக்கு மேல. 'பிராசஸிங்' கட்டணம்னு முன்னாடியே 600 பிடிச்சா 27-ஐத் தாண்டிடும்.

அதனால கையெழுத்துக்கு முன்னாடி கடன் விவரத் தாளைக் கேளுங்க. வங்கியும் நிதி நிறுவனமும் தந்தே ஆகணும், ரிசர்வ் வங்கி விதி. அதுல 'ஏ.பி.ஆர்.'னு இருக்கிற எண்ணைப் பாருங்க, கட்டணமும் சேர்ந்த வருஷ விகிதம் அதுதான். தாள்ல இல்லாத கட்டணத்தை உங்க சம்மதம் இல்லாம வாங்க முடியாது. இன்னொண்ணு, நமக்கு ரொம்ப முக்கியம்: தாள் உங்களுக்குப் புரியிற மொழியில இருக்கணும். நம்ம பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில, சித்தூர்ல மலையாளத் தாளை நீட்டினா, தமிழ்ல கேளுங்க.

கடன் கொடுத்த வங்கிக்கோ நிதி நிறுவனத்துக்கோ எழுத்துல புகார் கொடுத்து 30 நாள்ல பதில் வரலைன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர் இருக்கார். விவரத்துக்கு 14448. தண்டல்காரர் இதுல வரமாட்டார். கேரளாவுல வட்டித்தொழிலுக்கு 1958-ஆம் வருஷச் சட்டப்படி உரிமம் வேணும், முதல்ல அதைக் காட்டச் சொல்லுங்க.