உப்பு அறிந்த வேதரத்தினம்

நேயர்களுக்கு வணக்கம்.

1930 ஏப்ரல் 13 அன்று ஆங்கிலேய அரசின் உப்புச் சட்டத்தை மீறி உப்பு அள்ள, திருச்சியில் இருந்து ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் புறப்பட்டார்கள். சுமார் 150 மைல் நடந்து 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். அங்கே அவர்களை வரவேற்றுத் தங்கவைத்தவர், உள்ளூர் உப்பு வணிகர் வேதரத்தினம் பிள்ளை. என் பார்வையில், அந்த யாத்திரைக்கு இவர் வேர்.

உப்பு விளைய வெயில் வேண்டும், மழை கூடாது. பாத்தியில் தேக்கிய கடல்நீர் வற்றி வற்றி, அதன் அடர்த்தி, உப்புநீரை அளக்கும் ‘போமே’ அளவுகோலில் 25 பாகையைத் தொடும்போதுதான் உப்பு படியத் தொடங்கும். 29-ஐத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து, உப்பு கசக்கும், ஈரம் இழுக்கும். அதனால் எஞ்சிய நீரை முன்கூட்டியே வடித்துவிட வேண்டும். நடுவில் ஒரு கோடை மழை பெய்தால் படிந்தது கரைந்துவிடும். வேதாரண்யத்துச் சதுப்பிலோ, கோடையில் பாத்தி கட்டாமலே தரையில் வெள்ளையாக உப்பு பூக்கும். அதை மக்கள் அள்ளிவிடக் கூடாதென்று அன்றைய அரசின் உப்பு இலாகா ஆட்களை விட்டு மண்ணோடு மிதித்து அழித்தது. மணங்குக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, ஒன்றேகால் ரூபாய் வரி கட்டி வாங்கியவர்களுக்கு இது எப்படி எரிந்திருக்கும்!

தஞ்சை ஆட்சியர் தார்ன், தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவருக்கு ஆறு மாதச் சிறை என்று அறிவித்தார். சத்திரத்தில் உணவளித்த திருத்துறைப்பூண்டி ராமச்சந்திர நாயுடு கைதானார். ஊர்மக்கள் பின்வாங்கவில்லை, சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டி வைத்தார்கள். வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற நாவிதர், பாதிச் சவரத்தில் எதிரே இருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்தார். மிச்சத்தை முடி என்று நீதிபதி சொன்னபோதும் மறுத்துச் சிறை சென்றார். இந்த ஊர் அப்படி.

ஏப்ரல் 30 காலை, வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிய ராஜாஜி கைதானார். வேதரத்தினமும் சிறை புகுந்தார். அவர் சொத்துக்களை அரசு பறிமுதல் செய்தது. அதன் பிறகும் அவர் ஓயவில்லை. பெண் குழந்தைகளுக்காக 1946-இல் வேதாரண்யத்தில் கஸ்தூர்பா காந்தி கன்னியா குருகுலத்தைத் தொடங்கினார். 1961-இல் அவர் மறைந்தார். குருகுலம் அந்த ஊரில் தொடர்ந்து நடந்துவருகிறது.