எழுபது வருஷத்துக்கு எழுதிக்கொடுத்த வாக்குத்தத்தம்

அன்பான சகோதர சகோதரிகளே, உங்களுக்கு ஸ்தோத்திரம்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் நம் சபைகளில் ஒரு தட்டு வரும். கவிழ்த்து வைத்த வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். அந்தத் தட்டில் பெரும்பாலும் இருக்கிற வசனம் எரேமியா 29:11. "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்; அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்கிற வசனம். காலண்டரில் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறது, ஆட்டோவின் முதுகிலும் இருக்கிறது.

அட்டை எடுப்பதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவிய சகோதரர்கள் 1728-லிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனம் கொடுத்துவருகிறார்கள். 1731-லிருந்து அது புத்தகமாக அச்சாகிறது. பழைய ஏற்பாட்டு வசனத்தை அங்கே சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். ஆனால் அதோடு சேருகிற புதிய ஏற்பாட்டு வசனத்தை ஆட்கள் உட்கார்ந்து, வேதத்தைப் புரட்டித் தேடிச் சேர்க்கிறார்கள். நாம் சீட்டை எடுத்துக்கொண்டோம், தேடுகிற வேலையை விட்டுவிட்டோம். அந்த வேலையை இன்றைக்குக் கொஞ்சம் செய்வோம்.

29-ம் அதிகாரம் ஒரு கடிதம். எருசலேமிலிருந்து எரேமியா பாபிலோனுக்கு எழுதியது. கி.மு. 597-ல் நேபுகாத்நேச்சார் எகோனியா ராஜாவையும், அவனோடு பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் சிறைபிடித்துக்கொண்டு போனான். மொத்தம் பதினாயிரம் பேர் என்கிறது 2 இராஜாக்கள் 24. எசேக்கியேலும் அந்தக் கூட்டத்தில் போனவர்தான். அவர்கள் எல்லாருக்கும் மனதில் இருந்தது ஒரே கேள்வி: எப்போது ஊருக்குத் திரும்புவோம்?

அதற்கு ஏற்கெனவே ஒருவன் பதில் சொல்லிவிட்டான். 28-ம் அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி தேவாலயத்திலே நின்று, "இரண்டு வருஷத்தில் எல்லாரும் திரும்புவார்கள்" என்று கர்த்தருடைய பெயரைச் சொல்லியே அறிவித்தான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டினான். அன்றைக்குக் கைதட்டல் யாருக்குக் கிடைத்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எரேமியாவின் கடிதம் எழுபது வருஷம் என்றது. கொஞ்சம் கணக்குப் பாருங்கள். பெர்சியாவின் கோரேஸ் ராஜா திரும்பிப்போக உத்தரவு கொடுத்தது கி.மு. 538-ல். 597-ல் முப்பது வயதில் போனவருக்கு அப்போது வயது எண்பத்தொன்பது. கடிதத்தைக் காதால் கேட்டவர்களில் பெரும்பாலோர் பாபிலோன் மண்ணிலேயே புதைக்கப்பட்டார்கள். பதினோராம் வசனத்தின் "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" பத்தாம் வசனத்தின் அந்த எழுபது வருஷத்தோடு ஒட்டியே வருகிறது. நம் அட்டையில் பத்தாம் வசனம் இருப்பதில்லை.

அப்படியானால் காத்திருக்கிற காலத்தில் என்ன செய்வது? ஐந்திலிருந்து ஏழுவரை வாசியுங்கள். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதின் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், அங்கே பெருகுங்கள், குறுகிப்போகாதிருங்கள். அதோடு, உங்களைப் பிடித்துக்கொண்டுபோன அதே பட்டணத்துக்காக ஜெபம்பண்ணுங்கள், அதின் சமாதானத்திலே உங்களுக்குச் சமாதானமிருக்கும் என்கிறார். எதிரியின் ஊர் நன்றாயிருந்தால்தான் நீ நன்றாயிருப்பாய் என்றால், யாருக்கு இனிக்கும்? செமாயா என்று ஒருவன் பாபிலோனிலிருந்தே எருசலேம் ஆசாரியனுக்குப் பதில் எழுதினான்: இந்த எரேமியாவை ஏன் இன்னும் தொழுமரத்தில் மாட்டவில்லை என்று. வாக்குத்தத்தம் வந்து சேர்ந்ததும் கிடைத்த வரவேற்பு இது.

ஆனாலும் மக்கள் அங்கே குடியேறி வாழ்ந்தார்கள். பாபிலோனியாவில் கிடைத்த களிமண் பலகைகளில் யூதாவின் பெயராலேயே வழங்கின ஒரு ஊர் வருகிறது. கி.மு. 572 தேதியிட்ட பலகைகூட உண்டு. நிலக் குத்தகை, தானியக் கடன், வரி என்று அன்றாடக் கணக்கு வழக்குகள்தான் அதில். இரண்டு வருஷம் என்று நம்பிப் பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்தத் தோட்டங்கள் இருந்திருக்காது.

சரி, யூதருக்கு எழுதின கடிதம் நமக்கு எப்படிச் சொந்தம்? இங்கே அவசரப்படக் கூடாது. தாத்தா பெயரில் இருக்கிற சொத்தைப் பேரன் கேட்க வேண்டுமானால் வாரிசு என்று காட்ட வேண்டும். கலாத்தியர் 3:29 அந்த வாரிசுரிமையைக் கிறிஸ்துவுக்குள் வைக்கிறது. தேவனுடைய வாக்குத்தத்தங்கள் எல்லாம் அவருக்குள் ஆம் என்றும் ஆமென் என்றும் இருக்கின்றன என்கிறது 2 கொரிந்தியர் 1:20. எனவே நமக்கு வருவது அவர் வழியாக வருகிறது, அவருடைய சிலுவையின் சாயலோடும் வருகிறது. வீட்டு மனை எந்த மாதம் அமையும், விசா எந்தத் தேதியில் வரும் என்பதெல்லாம் எரேமியா 29-ல் இல்லை. இருக்கிறது என்று சொல்கிறவர் அனனியாவின் வேலையைச் செய்கிறார்.

வசனத்தைப் பிய்த்து எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு சுவிசேஷத்திலேயே சாட்சி உண்டு. தேவாலயத்து உப்பரிகையில் பிசாசு இயேசுவிடம் 91-ம் சங்கீதத்தை ஒப்புவித்தான். தூதர்கள் உம்மைக் காப்பார்கள், தாழக் குதியும் என்றான். "உன் வழிகளிலெல்லாம்" என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிட்டான். ஆண்டவர் வேறொரு வேத வசனத்தால் பதில் சொன்னார்: கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக. இதே தவறு இன்றைக்கு மாத்திரை டப்பாவில் நடக்கிறது. சுகமாக்கும் வசனத்தை அறிக்கையிட்டுவிட்டு, சர்க்கரை மாத்திரையையோ வலிப்பு மாத்திரையையோ நிறுத்திவிடுகிறார்கள். பவுல் தன்னோடு ஊழியஞ்செய்த துரோப்பீமுவை வியாதியோடுதான் மிலேத்துவில் விட்டுவந்தார். தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். இருவரையும் விசுவாசக் குறைவு என்று அவர் ஏசவில்லை. மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்தாதீர்கள்.

இனி சமாதானம். பிலிப்பியர் 4:6, 7 சிறையிலிருந்து எழுதப்பட்டது. "எல்லாவற்றையுங்குறித்து உங்கள் விண்ணப்பங்களை" ஸ்தோத்திரத்தோடே தெரியப்படுத்துங்கள் என்கிறார் பவுல். நாமோ "ஆண்டவரே, எல்லாவற்றையும் நீரே பார்த்துக்கொள்ளும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் படுக்கிறோம். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் கடன் தவணை தலைமாட்டில் வந்து உட்காருகிறது. பெயர் சொல்லாத கவலை எங்கும் போவதில்லை. ஒரு நோட்டை எடுங்கள். கவலையை அதன் தொகையோடும் தேதியோடும் ஆள் பெயரோடும் எழுதுங்கள். எழுதினதை அப்படியே ஜெபத்தில் சொல்லுங்கள். பக்கத்திலேயே ஏற்கெனவே கிடைத்த ஒன்றைக் குறித்து ஸ்தோத்திரம் சொல்லுங்கள். பலர் தாண்டிப்போவது இந்த ஸ்தோத்திரத்தைத்தான். அது இல்லாவிட்டால் ஜெபமே கவலையை இன்னொரு தரம் மென்று பார்ப்பதாக முடியும். பிறகு ஏழாம் வசனம் என்ன தருகிறது என்று கவனியுங்கள். கேட்டது கிடைக்கும் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. தேவசமாதானம் இருதயத்தையும் சிந்தையையும் காத்துக்கொள்ளும் என்று எழுதியிருக்கிறது. பதில் வருவதற்கு முன்னாலேயே காவல் வந்துவிடுகிறது. வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் ஜெபத்தோடு மருத்துவரையும் பாருங்கள், அது அவிசுவாசம் ஆகாது.

எரேமியா தானே எப்படி நம்பினார் என்பது 32-ம் அதிகாரத்தில் இருக்கிறது. சிதேக்கியாவின் பத்தாம் வருஷம். எருசலேமைக் கல்தேயர், அதாவது பாபிலோனியர், முற்றுகை போட்டிருக்கிறார்கள், எரேமியா காவல் வீட்டு முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். பங்காளி முறையான அனாமெயேல் வந்து, ஆனதோத்திலிருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எருசலேமுக்கு நாலைந்து கிலோமீட்டரில் இருக்கும் ஊர் அது. எதிரியின் படை நிற்கிற பக்கத்து நிலத்துக்கு யார் விலை கொடுப்பார்கள்? எரேமியா கொடுத்தார். 17 சேக்கல் வெள்ளியை, நம் கணக்கில் ஏறக்குறைய 190 கிராம், தராசில் நிறுத்தே கொடுத்தார். கிரயப் பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகளைக் கையெழுத்துப் போடவைத்தார். முத்திரை போட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் அநேக நாள் கெடாமல் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லி, தன் எழுத்தனான பாருக்கின் கையில் கொடுத்தார்.

இவ்வளவும் முடித்த பிறகுதான் ஜெபிக்கிறார். அந்த ஜெபத்தில் தயக்கம் அப்படியே தெரிகிறது: நகரம் கல்தேயர் கையில் போகிறது, நீரோ நிலத்தை வாங்கு என்கிறீரே! "என்னாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுண்டோ?" என்றுதான் பதில் வந்தது. அடுத்த வருஷம் பட்டணம் விழுந்தது. எரேமியாவை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவருக்குப் பிள்ளைகளும் இல்லை. அந்த நிலத்தில் அவர் ஏர் பூட்டினதாக வேதத்தில் எங்கும் இல்லை.

எஸ்றா இரண்டாம் அதிகாரம் பாபிலோனிலிருந்து திரும்பினவர்களின் பட்டியல். பெயர்களும் எண்களுமாக இருப்பதால் நாம் வழக்கமாகத் தாண்டிப்போகிற அதிகாரம். 23-ம் வசனத்தைப் பாருங்கள்: ஆனதோத்தின் மனிதர் 128 பேர்.