பாண் வண்டி மெட்டும் பள்ளிக்கூடப் பிரம்பும்

எல்லாருக்கும் வணக்கம். இலங்கை மலைநாட்டுத் தலவாக்கலையிலிருந்து பேசுகிறேன். பனி இறங்கத் தொடங்கிவிட்டது, முகம் மங்கலாகத் தெரிந்தால் அதுதான் காரணம். கீழே ரோட்டில் கேட்கிறதா? மெட்டுப் போட்டுக்கொண்டு பாண், பனிஸ் விற்கிற சூன் பாண் த்ரீவீல் வருகிறது. அந்த மெட்டு பீத்தோவன் எழுதிய ‘ஃபூர் எலிஸ்’. ஆனால் அதைக் கேட்டதும் நம் ஊரில் யாருக்கும் பியானோ ஞாபகம் வராது. மாலு பாணும் கிம்புலா பனிஸும்தான் ஞாபகம் வரும், வாயில் எச்சில் ஊறும். அந்த எச்சிலில் தொடங்கி, நாம் அறியாமலே எப்படிப் பழக்கப்படுகிறோம், பள்ளிக்கூடப் பிரம்பு பிள்ளைக்கு எதைப் பழக்குகிறது என்று இன்றைக்குப் பேசப் போகிறேன்.

ரஷ்யாவில் இவான் பாவ்லோவ் என்று ஓர் உடலியல் விஞ்ஞானி இருந்தார். ஜீரணம் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு வாங்கியவர். நாய்களுக்குச் சாப்பாடு கொடுத்து எச்சில் எவ்வளவு சுரக்கிறது என்று அளந்துகொண்டிருந்தபோது, சாப்பாடு கொண்டுவரும் ஆளைக் கண்டதுமே நாய்க்கு எச்சில் ஊறுவதைக் கவனித்தார். அதையே பிடித்துக்கொண்டு ஆராய்ந்தார். மெட்ரோனோம் கருவியின் டிக் டிக் சத்தத்தைக் கேட்க வைத்து, உடனே சாப்பாடு கொடுத்தார். சில தடவைக்குப் பிறகு சத்தம் மட்டுமே போதுமானதாக இருந்தது. இதைத்தான் கிளாசிக்கல் கண்டிஷனிங் என்கிறார்கள். ஏதோ ஒன்று வரப்போகிறது என்பதற்கான அடையாளத்தை உடம்பு கற்றுக்கொள்கிறது. நம் அனுமதியைக் கேட்பதில்லை.

மலைநாட்டில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கம்பளையிலிருந்து றம்பொடை வளைவுகள் ஏறி நுவரெலியா போகிற பஸ்ஸில் சிலருக்கு வாந்தி வரும். வளைவுக்குக் குமட்டுவது இயற்கை. ஆனால் அடுத்த முறை பஸ் ஸ்டாண்டில் நிற்கிறது, இன்னும் கிளம்பவே இல்லை, டீசல் வாடை வந்ததும் குமட்டுகிறதே, அதைக் கற்றுக்கொடுத்தது முந்தைய பயணம். “மனசைத் திடமா வைச்சுக்கோ” என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். மனத்திடத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சை எடுப்பவர்கள் சிலருக்கு, மருந்து ஏற்றும் முன்பே, ஆஸ்பத்திரி வாடைக்கே குமட்டும். டாக்டர்களுக்குப் பழகிப்போன விஷயம் அது. யாரும் அவர்களைக் கோழை என்று சொல்வதில்லை.

குளவியையும் சொல்ல வேண்டும். மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி உயிரையே இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு தடவை கொட்டு வாங்கிய அக்கா, எங்கோ தூரத்தில் புல்வெட்டும் மெஷின் இரைந்தாலும் கூடையைப் போட்டுவிட்டு ஓடுகிறார் என்றால், சிரிக்காதீர்கள். பயம் ஒரே பாடத்திலேயே படிந்துவிடலாம்.

சரி, இப்படிப் பழக்கப்படுவதில் இரண்டாவது வகை. இங்கே அடையாளத்தைவிட முக்கியம், நாம் செய்ததற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதுதான். அமெரிக்காவில் எட்வர்ட் தார்ன்டைக் 1898இல் பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்துப் பார்த்தார். தற்செயலாக நெம்புகோலைத் தட்டிக் கதவு திறந்து வெளியே வந்த பூனை, அடுத்தடுத்த தடவை இன்னும் வேகமாக அதையே செய்தது. பிறகு பி. எஃப். ஸ்கின்னர் எலியையும் புறாவையும் வைத்து இதை விரிவாக ஆராய்ந்தார். ஓப்பரன்ட் கண்டிஷனிங் என்ற பெயர் வந்தது. பலன் கிடைத்த செயல் திரும்ப வரும், கிடைக்காதது மெல்ல மறையும்.

கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய அளவு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், 18 கிலோ என்பார்கள், 20 என்பார்கள். குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். அந்தத் தராசு எதை நிறுக்கிறது? எடையை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்திருக்கிறாரா என்று தராசுக்குத் தெரியாது. பிறகு முற்றிய இலை கலந்திருக்கிறது என்று பறித்தவரைத் திட்டுகிறார்கள். காசு எதற்குக் கொடுத்தீர்களோ அதுதான் கூடைக்குள் வரும். அந்தப் பெண்ணின் குணத்தில் குறை தேடுவது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். கடையில் பிள்ளை டொஃபி கேட்டு அழுகிறது. முதல் நாள் இல்லை, இரண்டாம் நாள் இல்லை, மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் பாட்டி வாங்கிக் கொடுக்கிறார். பிள்ளைக்கு டொஃபி கிடைத்தது, பாட்டிக்கு அமைதி கிடைத்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பழக்குகிறார்கள். எப்போதும் கிடைப்பதைவிட எப்போதாவது கிடைப்பதுதான் பழக்கத்தை அதிகம் இறுக்கும். இந்தப் போனைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறோமே, அதுவும் இதே வித்தைதான். இனிக் கொடுப்பதில்லை என்று நிறுத்தினால் அழுகை முதலில் கூடும். அந்த நேரத்தில் கொடுத்துவிட்டால், இன்னும் சத்தமாக அழ வேண்டும் என்று நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இப்போது நான் பேச வந்த இடத்துக்கு வருகிறேன். பிரம்பு.

கணக்கு வாய்ப்பாடு சொல்லத் தெரியவில்லை, கையை நீட்டு என்கிறார் ஆசிரியர். அவர் நினைப்பது இரண்டாவது வகை: அடி விழுந்தால் பிள்ளை படித்துக்கொண்டு வரும். ஆனால் அதே நொடியில் முதல் வகையும் நடக்கிறது. கணக்குப் புத்தகம், கரும்பலகை, வராந்தாவில் கேட்கும் செருப்புச் சத்தம், எல்லாம் அந்த வலியோடு சேர்ந்துவிடுகிறது. 1920இல் ஜான் வாட்சனும் ரோசலி ரேய்னரும் ஏறக்குறைய 11 மாதக் குழந்தைக்கு இதைச் செய்து காட்டினார்கள். வெள்ளை எலியைக் குழந்தை தொட வரும்போதெல்லாம் பின்னால் இரும்புத் தண்டில் சுத்தியலால் அடித்தார்கள். பிறகு எலியைக் கண்டாலே அழுதது. முயலைக் கண்டும், ரோமக் கோட்டைக் கண்டும்கூட அழுதது. இன்றைக்கு அப்படி ஒரு பரிசோதனையை யாரும் அனுமதிக்க மாட்டார்கள். வகுப்பறையில் மட்டும் ஏன் அனுமதிக்கிறோம்? பள்ளிகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005இலேயே வந்துவிட்டது.

இன்னொன்று, தண்டனை என்ன செய்யக்கூடாது என்று மட்டும்தான் சொல்லும். ஏழெட்டு எவ்வளவு என்று அது சொல்லித் தராது. ஆனால் வீட்டில் நின்றுவிட்டால் அடி இல்லை என்று பிள்ளை கண்டுபிடித்துவிடும். அந்த நிம்மதியே அதற்குப் பலன். காலையில் வயிற்றுவலி என்று சொல்கிற பிள்ளையை நடிக்கிறது என்று உடனே சொல்லிவிடாதீர்கள், பல நேரம் வலி உண்மையாகவே இருக்கும்.

இதை மாற்ற முடியுமா? முடியும். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவனுக்கு உதவினார். அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, முயல் கூண்டைத் தூரத்தில் வைத்தார். அவன் பயப்படாத அளவுக்குத்தான் கிட்டக் கொண்டுவந்தார். கடைசியில் முயலைத் தடவிக் கொடுத்தான். தோட்டத்து வரிசை வீடான லயத்திலும் இதைச் செய்யலாம். கணக்கைக் கண்டு நடுங்கும் பிள்ளைக்குத் தெரிந்த இரண்டு கூட்டல் மட்டும், தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில், அம்மா பக்கத்தில் இருக்க. பதற்றம் வருவதற்குள் புத்தகத்தை மூடிவிட வேண்டும். நாளைக்கு மூன்று.

ஒன்றை மட்டும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பயம் அழிந்துபோவதில்லை, அதன் மேல் புதிய பழக்கம் படிகிறது, அவ்வளவுதான். அதனால் லீவு முடிந்து பள்ளி திறக்கும் முதல் வாரத்தில் வயிற்றுவலி திரும்ப வரலாம். பதறாமல் மறுபடியும் அந்த இரண்டு கூட்டலில் இருந்தே தொடங்குங்கள். பெரும்பாலும் இந்தத் தடவை சீக்கிரமே அடங்கிவிடும்.