ராமேஸ்வரத்துக்கு ஒரு நாள்: காரா, ரயிலா?

நேயர்களுக்கு வணக்கம்.

மதுரையில் குடியிருப்பவர்களின் வீட்டுக்கு வெளியூரிலிருந்து உறவினர் யாராவது வந்துவிட்டால், மீனாட்சி அம்மன் கோயிலும் திருப்பரங்குன்றமும் பார்த்து முடிந்த மூன்றாம் நாள், "விடியற்காலை கிளம்பினால் ராமேஸ்வரம் போய்விட்டு ராத்திரிக்குள் திரும்பிவிடலாமே" என்ற பேச்சு எழுவது வழக்கம். தூத்துக்குடி நமக்குச் சற்றுப் பக்கம்தான் என்றாலும், கோயிலும் கடலும் ஒரே பயணத்தில் கிடைக்கும் ஊர் என்பதால் ராமேஸ்வரத்தையே பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த முடிவில் தகராறு வருவதில்லை; காரில் போவதா, ரயிலில் போவதா என்பதில்தான் வரும். கடந்த ஓராண்டில் ஒரு முறை காரிலும் ஒரு முறை ரயிலிலும் குடும்பத்தோடு போய் வந்தவன் என்ற முறையில் என் அனுபவத்தையும், அதிலிருந்து எனக்குத் தெளிவானதையும் இன்று பகிர்ந்துகொள்கிறேன்.

1988ஆம் ஆண்டு வரை இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து முக்கால் நூற்றாண்டு காலம், படகை விட்டால் அந்தத் தீவுக்குப் போக ரயில் ஒன்றுதான் வழி. 1988 அக்டோபர் 2ஆம் நாள் அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம் திறக்கப்பட்ட பிறகே பேருந்தும் காரும் கடலைத் தாண்டின. 2022 டிசம்பரில் பழைய ரயில் பாலம் பழுதின் காரணமாக மூடப்பட்டு, ரயில்கள் கடலுக்கு இக்கரையிலுள்ள மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் நின்றுவிட்டபோது நிலைமை தலைகீழானது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் சாலை மட்டுமே மிஞ்சியது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டதால்தான் இரண்டில் எது என்று இன்று நாம் விவாதிக்க முடிகிறது.

முதலில் நேரத்தைப் பார்த்துவிடுவோம். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ரயில் பாதையில் 161 கிலோமீட்டர். சாலையில் ஏறத்தாழ 170. காரில் வழியில் ஒரு காபிக்கு நிறுத்தினாலும் மூன்றரை மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். எல்லா நிலையங்களிலும் நின்று போகும் பாசஞ்சர் ரயிலுக்கு நான்கு மணி நேரம் ஆகும். வித்தியாசம் அரை மணி நேரம்தான். ஆனால் காலையில் புறப்படும் பாசஞ்சர் தீவைச் சென்றடையும்போது வெயில் ஏறியிருக்கும். அதன் பிறகு இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடி, ஈரத்துணி மாற்றி, நண்பகலில் கோயில் நடை சாத்துவதற்குள் தரிசனமும் முடிக்க வேண்டுமென்றால் ஓட்டமும் நடையுமாகத்தான் இருக்கும். தீர்த்தமாடுவதே நோக்கம் என்றால், விடியுமுன் நான்கு மணிக்கே காரில் கிளம்பிவிடுவது மேல் என்பதை ரயில் பிரியனாகிய நானும் ஒப்புக்கொள்கிறேன்.

செலவுக் கணக்கு இன்னும் எளிது. தனுஷ்கோடியும் சேர்த்துப் போய் வர 380 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் கொடுக்கும் காருக்கு இருபத்து நான்கு லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் விலை நூறு ரூபாயை ஒட்டி நிற்கும் இந்தக் காலத்தில் அதுவே இரண்டாயிரத்து நானூறு ரூபாய் ஆகிவிடும். திருப்பாச்சேத்தியிலும் போகலூரிலும் கட்டும் சுங்கம் தனி. பாசஞ்சர் ரயிலில் ஓர் ஆளுக்கு ஒரு வழிக் கட்டணம் ஐம்பது ரூபாயைத் தாண்டாது. ஐந்து பேர் போய்த் திரும்பினாலும் ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஆனால், ராமேஸ்வரம் நிலையத்தில் இறங்கியதும் ஆட்டோவுக்கும், தனுஷ்கோடிக்கு வேன் பிடிப்பதற்கும் ஆகும் செலவைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதையும் சேர்த்தால் இடைவெளி குறையும், மறைந்துவிடாது.

நேரத்தையும் பணத்தையும் வைத்து மட்டும் இதை முடிவு செய்தால் தவறிவிடுவோம் என்பதை நான் உணர்ந்தது, காரில் போன அன்று பாம்பன் சாலைப் பாலத்தின் மேல்தான். வண்டியை ஓட்டியவன் என் தங்கை மகன். பாலத்தின் மேல் ஏறியதும் பின்னிருக்கையில் இருந்த நாங்கள் அனைவரும், ஒரு பக்கம் பாக் நீரிணையும் மறு பக்கம் மன்னார் வளைகுடாவும் விரிந்து கிடக்க, கீழே நங்கூரமிட்டிருந்த வள்ளங்களை எண்ணிக்கொண்டிருந்தோம். அவனோ, தடையை மீறி நடுப்பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் படம் பிடித்துக்கொண்டிருந்தவர்களைத் தவிர்த்து, எதிரே ஒலியெழுப்பி வந்த அரசுப் பேருந்துக்கு வழிவிட்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு ஓட்டினான். மண்டபத்துப் பக்கம் இறங்கிய உப்புக்காற்று முன் கண்ணாடியில் வெண்படலமாக ஒட்டியிருந்தது. துடைப்பானைப் போட்டால் அது இன்னும் இழுபட்டுப் பரவியது. பாலம் முடிந்ததும் "கடல் எப்படி இருந்தது மாமா?" என்று என்னிடம் கேட்டான். அவன் கேலியாகத்தான் கேட்டான். எனக்கு மட்டும் சங்கடமாக இருந்தது.

ரயிலில் இந்தக் குறை கிடையாது. பெட்டியில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே கடல். மானாமதுரையில் ஏறும் சுண்டல்காரரும், தை மாதமானால் பரமக்குடியில் கட்டுக்கட்டாக வரும் பனங்கிழங்கும், ராமநாதபுரம் தாண்டியதும் சீமைக்கருவேலங்காடு மெல்ல விலகி உச்சிப்புளியருகே தென்னையும் பனையுமாக நிலம் மாறுவதும் எல்லாருக்கும் பொது. மண்டபத்தை விட்டு ரயில் நகரும்போது பேச்சு தானாக அடங்கி, நடுவயதுக்காரர்கள்கூடக் குழந்தைகளை விலக்கிக்கொண்டு சன்னலுக்கு வருவார்கள். அந்தப் பாலத்தில் சன்னலோரம் அமர்ந்து குனிந்தால் தண்டவாளம் தெரியாது, தண்ணீர்தான் தெரியும்.

இதில் எனக்கு ஒரு சிறு மனத்தாங்கலும் உண்டு. பழைய பாலத்தில் ரயில் நடைவேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாக ஊர்ந்து, ஏறக்குறையக் கால் மணி நேரம் நம்மைக் கடல் மேல் வைத்திருந்தது. புதிய பாலத்தின் நடுவே 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி, கப்பல் வரும்போது 17 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக மேலெழும்பும். அந்தப் பகுதியில் மணிக்கு 50 கிலோமீட்டரும் மற்ற இடங்களில் 75 கிலோமீட்டரும் ஓட்ட அனுமதி தரப்பட்டிருக்கிறது. அந்த வேகத்தில் போனால் இரண்டு கிலோமீட்டர் கடல் மூன்று நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். பொறியாளர்களுக்கு இது வெற்றிதான். இதற்காகவே ரயிலேறுபவர்களுக்கு முழு வெற்றி என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. மற்றொன்று காற்று. மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் ரயிலைப் பாலத்துக்கு முன்பே நிறுத்திவைத்துவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வானிலை எச்சரிக்கை இருக்கும் நாளில், இரவுக்குள் வீடு திரும்பியாக வேண்டியவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காருக்குரிய நியாயம் தீவுக்குள் நுழைந்த பிறகே தொடங்குகிறது. தனுஷ்கோடிக்கு இப்போது ரயில் கிடையாது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வீசிய புயலில், பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலும் அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரும் கடலோடு போன பிறகு அந்தப் பாதை மீண்டும் போடப்படவே இல்லை. முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் மணலில் வேன்கள் தள்ளாடிப் போன காலமும் 2017இல் முடிந்து, தீவின் கோடியிலுள்ள அரிச்சல்முனை வரை நல்ல தார்ச்சாலை வந்துவிட்டது. அமைதியான பக்கத்தைப் பெண் கடல் என்றும் அலையடிக்கும் பக்கத்தை ஆண் கடல் என்றும் அங்குள்ளவர்கள் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவே ஓடும் அந்தச் சாலையில், இடிந்த தேவாலயத்தருகே ஒரு மணி நேரம் உட்காரலாம் என்று தோன்றும்போது உட்கார, சொந்த வண்டி இருந்தால்தான் முடியும். வேன்காரர் கொடுக்கும் நேரம் அவர் கொடுப்பதுதான்.

இதற்கும் ஒரு விலை உண்டு. நிழலுக்காகச் சாலையோரம் சற்று ஒதுங்குவோம் என்று எங்கள் வண்டியின் இடப்புறச் சக்கரங்களை மணலில் இறக்கினோம். அவ்வளவுதான். வேகமுடுக்கியை மிதிக்க மிதிக்கச் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டது. வலை உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு மீனவர்கள் வந்து, டயரில் கொஞ்சம் காற்றை இறக்கச் சொல்லி, பனையோலை மட்டையை அடியில் செருகி, நாங்கள் நால்வரும் தள்ள, அரை மணி நேரத்தில் வெளியே எடுத்துக் கொடுத்தார்கள். "தினமும் நாலு வண்டி இப்படித்தான்" என்று சொல்லி, கொடுத்த பணத்தை வாங்க மறுத்துவிட்டார்கள். காற்றிறங்கிய டயரோடு ராமேஸ்வரம் வரை மெதுவாகத்தான் வர முடிந்தது.

அதனால் திரும்பும் நேரம் தாழ்ந்தது. உண்மையான சிக்கல் அங்கேதான். போகும்போது எல்லாரும் உற்சாகமாக இருப்பதால் எதில் போனாலும் நன்றாகத்தான் இருக்கும். திரும்பி வருவதை நினைத்துத்தான் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் முடிவு. மதுரையிலிருந்து பரமக்குடி வரை நான்கு வழிச்சாலை. பரமக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் இடையிலுள்ள 46.7 கிலோமீட்டரை நான்கு வழியாக்க 2025 ஜூலையில்தான் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நாங்கள் போனபோது அது நடுவே தடுப்பில்லாத சாலை. காலை நான்கு மணிக்கு எழுந்து, நாள் முழுவதும் வெயிலிலும் மணலிலும் அலைந்த ஒருவன், எதிரே வரும் லாரிகளின் விளக்கு கண்ணைக் குத்த, இரவு ஒன்பது மணிக்கு அந்தச் சாலையில் எங்கள் ஆறு பேரின் உயிரையும் கையில் வைத்துக்கொண்டு ஓட்டினான். பின்னால் நாங்கள் தூங்கினோம். போகலூர் சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது விழித்துப் பார்த்தேன். அவன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து முகத்தில் அடித்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஓட்டுவதற்கு இரண்டு பேர் இருந்தால், அல்லது இரவு அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் பகலில் திரும்புவதாக இருந்தால், காரில் போவதில் எனக்கு மறுப்பே இல்லை. முழங்கால் வலியுள்ள முதியவர்களும் கைக்குழந்தையும் உடன் வந்தாலும் கார்தான் வசதி. ஒரே ஓட்டுநர், ஒரே நாள் என்றால் ரயிலைத்தான் சொல்வேன். மாலை ரயிலைப் பிடிக்க வேண்டுமே என்ற பதற்றம் வேண்டாம். காலையில் ரயிலில் போய் இறங்கி, ஆட்டோவோ வேனோ பேசித் தனுஷ்கோடி பார்த்துவிட்டு, நேரமானால் பேருந்தில் திரும்பிவிடலாம். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்துக்கு அரசுப் பேருந்துகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ரயில் நேரங்கள் அவ்வப்போது மாறுவதால் முதல் நாளே நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் மட்டும் இந்த யோசனை எதுவும் செல்லாது. அன்று ரயிலில் நிற்கவும் இடமிருக்காது, காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடக்கவும் வேண்டியிருக்கும்.

வரும் பள்ளி விடுமுறையில் மறுபடியும் போவதாக இருக்கிறோம். தங்கை மகன் காரைக் கொண்டுவருகிறேன் என்றுதான் சொன்னான். சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். பாசஞ்சரில் அவனுக்குத்தான் சன்னலோர இருக்கை.

வணக்கம்.