உறையோடு ஓர் அஞ்சல்தலை

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை மாலையை எங்களுக்காக ஒதுக்கி வந்து அமர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

"பொழுதுபோக்காகப் பொருள் சேகரிப்பது குடும்பத்தின் நேரத்தை விழுங்குகிறதா, வளர்க்கிறதா?" இதுதான் கேள்வி. வளர்க்கிறது என்று பேச வந்திருக்கிறேன். நான் அஞ்சல்தலை சேகரிப்பவள். வங்கியில் காசாளர் வேலை பார்க்கிறேன். கணவர் பள்ளி ஆசிரியர். மகன், மகள் என இரண்டு பிள்ளைகள். வேலை, வீடு, ஆல்பம் மூன்றையும் ஒரே நாளுக்குள் அடக்கிப் பழகியவள் என்ற உரிமையில் பேசுகிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு காட்சியை நம் கண்முன் நிறுத்தினார். இரவு பதினொன்றரை மணி. வீடு தூங்குகிறது. நாணயம் சேகரிக்கும் ஒருவர் போர்வைக்குள் கைப்பேசி வெளிச்சத்தில் இணைய ஏலத்தில் விலையை ஏற்றிக்கொண்டிருக்கிறார். மறுநாள் அலுவலகத்தில் அவருக்குக் கண் சொக்குகிறது. மாதக் கடைசியில் வீட்டில் பணம் இல்லை. இதை நான் மறுக்கப் போவதில்லை. இப்படிப்பட்டவர்களை எனக்கும் தெரியும். ஆனால் நடுவர் அவர்களே, அந்த மனிதர் அந்த நேரத்தில் வாங்கிக்கொண்டிருக்கிறார். வாங்குவது நொடியில் முடிந்துவிடுகிற காரியம். அதனால்தான் அது அடங்குவதில்லை, அடுத்ததைக் கேட்கிறது. சேகரிப்பு என்பது வாங்கிய பிறகு தொடங்குகிற வேலை. கழுவ வேண்டும், காய வைக்க வேண்டும், பிரிக்க வேண்டும், எந்த ஆண்டு, எந்த அச்சு என்று பார்த்து எழுதி வைக்க வேண்டும். அந்த வேலைக்குப் போர்வை உதவாது. பகல் வெளிச்சமும், ஒரு மேசையும், பக்கத்தில் பேச ஆளும் வேண்டும்.

எங்கள் வீட்டில் அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். வந்த உறையில் ஓரம் விட்டு அஞ்சல்தலையைக் கத்தரித்து எடுப்பேன். வெதுவெதுப்பான தண்ணீர் நிறைந்த வாயகன்ற கிண்ணத்தில் அதைப் போட்டுவிட்டு, குக்கரை அடுப்பில் ஏற்றுவேன். சோறு வெந்து இறங்கும் நேரமும் பசை இளகும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். அவசரப்பட்டுப் பிடித்து இழுத்தால் தலை கிழியும். காத்திருந்தால் காகிதம் தானாகவே நழுவிப் பிரியும். காக்கி உறையும் சிவப்பு உறையும் சாயம் விடும் என்பதால் அவற்றுக்குத் தனிக் கிண்ணம். பிறகு பழைய வேட்டித் துணியில் பரப்பி வைத்தால் இரவெல்லாம் அவை காயும். காலையில் மகள் அவற்றை இடுக்கியால் எடுத்துத் தடித்த புத்தகத்துக்குள் வைப்பாள். இதில் எந்த நிமிடம் குடும்பத்திடமிருந்து திருடியது?

வேலைக்கும் இதே கணக்குதான். மார்ச் மாதத்தில் என் ஆல்பம் திறக்கப்படுவதில்லை. வங்கியில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதம் அது. வீட்டுக்கு வந்து சேரும்போது கண் களைத்துவிடும், களைத்த கண்ணோடு அஞ்சல்தலையின் ஓரத்துத் துளைகளை எண்ணக் கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. காற்றில் ஈரம் ஏறினால் பசை இளகித் தலை தாளோடு ஒட்டும், பூஞ்சைப் புள்ளி விழும். அப்போதும் ஆல்பம் மூடித்தான் இருக்கும், நடுவில் உப்பு போன்ற அந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு. ஆக, பொங்கலுக்குப் பிறகு ஒரு மாதமும் கோடை முழுவதும்தான் எனக்குப் பருவம். அதற்குள்ளும் வங்கிக்கு விடுமுறையான இரண்டாம், நான்காம் சனிக்கிழமை மாலைகள் என்று வைத்திருக்கிறேன். புது வெளியீடுகளுக்காக வரிசையில் நிற்பதும் இல்லை. அஞ்சல் துறையிடம் முன்பணம் கட்டிக் கணக்கு வைத்துக்கொண்டால் தலைகள் வீடு தேடி வருகின்றன. உழவுக்குப் பருவம் இருப்பதுபோல இதற்கும் பருவம் உண்டு. பருவம் பார்த்துச் செய்கிறவருக்கு வேலையோடு சண்டை வருவதில்லை.

பெரிய மனிதர்களின் வாழ்க்கையிலும் இதைப் பார்க்கலாம். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, நாள்தோறும் ஒரு நாளிதழை வெளிக்கொண்டுவரும் வேலைக்கு நடுவே சங்ககால நாணயங்களைத் தேடிச் சேர்த்தார். செம்பு நாணயம் ஒன்றில் 'பெருவழுதி' என்று தமிழ்-பிராமியில் பொறித்திருந்ததைப் படித்து வெளியிட்டார். இலக்கியத்தில் மட்டும் கேட்டிருந்த பாண்டியர் பெயர் உலோகத்தின் மேல் தெரிந்தது, ஓயாத வேலை கொண்ட ஒருவர் மிச்சம் பிடித்த நேரத்தில்.

அடுத்து, எதிரணியில் பேசிய சகோதரி. அவர் கேட்ட கேள்வி இந்த மேடையிலேயே கனமான கேள்வி. "ஆண் ஆல்பத்தோடு உட்கார்ந்துவிடுகிறார். அந்த நேரத்தில் சமைப்பது யார், பிள்ளைக்குப் பாடம் சொல்வது யார்?" சகோதரி, உங்கள் கோபம் நியாயமானது. அதே கோபத்தை மறுபக்கத்திலிருந்து நான் அனுபவித்திருக்கிறேன். திருமணமாகி வந்தபோது அப்பா எனக்குச் சேர்த்துக் கொடுத்த இரண்டு ஆல்பங்களை ஒரு தகரப் பெட்டியில் கொண்டுவந்தேன். அந்தப் பெட்டி பதினான்கு ஆண்டுகள் பரண்மேல் கிடந்தது. யாரும் தடுக்கவில்லை. ஆனால் எனக்கென்று ஒரு மணி நேரம் கேட்கலாம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை, கொடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. பெட்டியைத் திறந்தபோது 1972இல் வெளியான வ.உ.சி. அஞ்சல்தலையின் ஆறு படிகளும் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டையாகக் கிடந்தன. பரணுக்குக் கீழே நின்று அழுதேன்.

அதனால் சொல்கிறேன், இந்தச் சமநிலை சேகரிப்பவரின் மன உறுதியால் மட்டும் வருவதில்லை. வீடு அந்த நேரத்தைக் கொடுக்க வேண்டும். கொடுத்த வீட்டுக்குச் சேகரிப்பவர் கதவைத் திறந்து வைக்க வேண்டும். பூட்டிய அறைக்குள் நடக்கும் சேகரிப்புக்காக நான் வாதாட வரவில்லை.

கதவை மூடினால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை 4,800 ரூபாய்க்கு ஒரு தொகுப்பை வாங்கினேன். வீட்டில் சொல்லவில்லை, என் சம்பளம்தானே என்று நினைத்தேன். பொட்டலம் வந்த நாளில் அதை வாங்கி வைத்தவர் என் கணவர். அவர் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. "என்னிடம் சொல்லக் கூடாது என்று ஏன் தோன்றியது?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து அஞ்சல்தலைக் கணக்கு எங்கள் மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. துவரம்பருப்பு எழுதும் அதே நோட்டு, அதே பேனா. யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

நியூயார்க்கில் ஹெர்பர்ட் வோகல், டோரதி வோகல் என்று ஒரு தம்பதி இருந்தார்கள். கணவர் அஞ்சலகத்தில் கடிதம் பிரிக்கும் ஊழியர், மனைவி நூலகர். மனைவியின் சம்பளத்தில் குடும்பம் நடத்தினார்கள். கணவரின் சம்பளத்தில் ஓவியங்கள் வாங்கினார்கள். இரண்டே விதிகள்: தங்கள் சம்பளத்துக்குக் கட்டுப்படியாக வேண்டும், ஒரே படுக்கையறை கொண்ட தங்கள் குடியிருப்புக்குள் அடங்க வேண்டும். அப்படியே ஆயிரக்கணக்கில் சேர்த்தார்கள். 1992இல் வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடத்துக்கு அந்தத் தொகுப்பைக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் நினைத்திருந்தால் ஒன்றிரண்டை விற்றே வசதியாக வாழ்ந்திருக்கலாம். இருவரும் சேர்ந்து போய்ப் பார்த்து, சேர்ந்து தேர்ந்து, சேர்ந்து தூக்கி வந்தவை அவை. எதிரணி நண்பர்களே, அந்த வீட்டில் எது சேகரிப்பு நேரம், எது குடும்ப நேரம் என்று உங்களால் கோடு போட முடியுமா?

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் புதுக்கோட்டைக்குப் போய் ஞானாலயா நூலகத்தைப் பாருங்கள். ஆசிரியப் பணியில் இருந்த கிருஷ்ணமூர்த்தியும் அவர் மனைவி டோரதியும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களைச் சேர்த்தார்கள். ஆய்வு செய்ய வருகிறவர்களுக்கு அந்த வீட்டின் கதவு திறந்தது. ஒருவர் மட்டும் ஆசைப்பட்டு, மற்றவர் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருந்தால் அது நடந்திருக்குமா?

பிள்ளைகளைப் பற்றி ஒன்று. சுதந்திர இந்தியாவின் முதல் அஞ்சல்தலை 1947 நவம்பர் 21 அன்று வந்தது. தேசியக் கொடியும் 'ஜெய்ஹிந்த்' என்ற சொல்லும் இருக்கும்; விலை மூன்றரை அணா. என் மகன் ஆறாம் வகுப்பில் படித்தபோது, "மூன்றரை அணா என்றால் எத்தனை பைசா அம்மா?" என்று கேட்டான். ரூபாய்க்குப் பதினாறு அணா என்று மட்டும் சொன்னேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அப்பாவையும் இழுத்துக்கொண்டு, ஏறக்குறைய 22 பைசா என்று கண்டுபிடித்தான். அடுத்து 1960இல் வந்த திருவள்ளுவர் தலையில் 'ந.பை.' என்றால் என்ன என்ற கேள்வி. நயா பைசாவுக்குப் போனோம், 1957இல் காசு முறை மாறிய கதைக்குப் போனோம். தொலைக்காட்சி அன்று முழுவதும் அணைந்தே இருந்தது. எவரும் அணைக்கச் சொல்லவில்லை.

இனி நான் சொல்லப் போவது என் மாமியாரைப் பற்றி. அத்தைக்குத் தொடக்கத்தில் என் ஆல்பம் பிடிக்காது. "ஒட்டிக் கிழித்த காகிதத்துக்கு இவ்வளவு நேரமா?" என்பார். ஒரு கோடைச் சனிக்கிழமை, நானும் மகளும் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அத்தை பின்னால் நின்று சற்று நேரம் பார்த்தார். உள்ளே போய்த் தன் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து வந்தார். அவிழ்த்தால் கடிதங்கள். அத்தையின் அப்பா பினாங்கில் ஒரு கடையில் கணக்கு எழுதியவர். அவர் அனுப்பியவை.

நான் தேதி வரிசையில் அடுக்கினேன். 1941 முடிய ஒழுங்காக வந்த கடிதங்கள் அதன்பின் இல்லை. ஜப்பானியப் படை மலாயாவைப் பிடித்த காலம் அது. நடுவில் நான்கு ஆண்டுகள் வெறுமை. அதற்குப் பிறகு ஒரே ஓர் உறை, அதில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் படம் போட்ட அஞ்சல்தலை. அந்தத் தலையின் மேல் கறுப்பு மையில் 'பி.எம்.ஏ. மலாயா' என்று குறுக்கே அச்சிட்டிருந்தது. சேகரிப்பவளாக எனக்கு அது தெரியும். போர் முடிந்து பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் திரும்பிய 1945இல், பழைய தலைகளின் மேல் இப்படி அச்சிட்டுப் பயன்படுத்தினார்கள். "அத்தை, இது சண்டை முடிந்த உடனே வந்த கடிதம்" என்றேன்.

அத்தை அந்த உறையைக் கையில் வாங்கினார். "எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா செத்துவிட்டார் என்று ஊரே சொன்னது. அம்மா மட்டும் தாலியைக் கழற்றமாட்டேன் என்றாள். தபால்காரர் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். அந்தக் கடிதம் இதுதான்" என்றார்.

என் கணவருக்கு அப்போது ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. தன் பாட்டியைப் பற்றிய இந்தக் கதையை அவர் அதுவரை கேட்டதில்லை. அன்று இரவு எங்கள் வீட்டில் பதினொன்றரை மணிக்கும் விளக்கு எரிந்தது. எதிரணித் தலைவர் சொன்ன அதே பதினொன்றரை மணி. ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அத்தை பேசிக்கொண்டே இருந்தார்.

என் மகள் வழக்கம்போலக் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். வேண்டாம் என்றேன். முத்திரையும் முகவரியும் கையெழுத்தும் சேர்ந்து கதை சொல்லும் இப்படிப்பட்ட பழைய உறையிலிருந்து தலையைப் பிரிக்கக் கூடாது என்பது சேகரிப்பவர்கள் காக்கும் முறை. அத்தை போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. என் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் அது இன்றும் முழு உறையாகவே இருக்கிறது. அதன் கீழே பக்கக் குறிப்பை எழுதியிருப்பது என் கணவர், தன் கையெழுத்தில்.

நன்றி, வணக்கம்.