கட்டை என்று சொன்னீர்களே, தம்பி!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். போட்டி நெருங்கும்போது இளம் நீச்சல் வீரர்களுக்குப் பயிற்சியைக் கூட்டுவதா, குறைப்பதா? குறைப்பதே என்கிறது எங்கள் அணி.

எதிரணித் தம்பி ஒரு போடு போட்டார், கைதட்டலும் வாங்கினார். "பயிற்சியைக் குறைத்தால் பிள்ளை மிதக்கும். மிதக்கிற கட்டைக்கு யார் பதக்கம் தருவார்?" கட்டையா! யாரைச் சொல்கிறீர்கள், தம்பி?

என் மகளுக்கு அப்போது வயது 13. 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்துவாள். போட்டிக்குப் பத்தே நாள் என்றதும், தினமும் 4 கிலோமீட்டர் நீந்தியவளை 6 கிலோமீட்டர் நீந்த வைத்தார் பயிற்சியாளர். நானும் சரி என்றேன். ஈரத்தலையோடு சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தூங்கிவிடுவாள். போட்டி நாள் வந்தது. முதல் 50 மீட்டர் பார்க்க வேண்டுமே! அவளுக்கு முன்னால் ஒருத்திகூட இல்லை. சுவரை உதைத்துத் திரும்பினாள். அவ்வளவுதான். கை போகிறது, உடம்பு வரவில்லை. மறுபடியும் சொல்கிறேன், கை போகிறது, உடம்பு வரவில்லை! ஒருத்தி தாண்டினாள், இன்னொருத்தி தாண்டினாள், கடைசிப் பாதையில் இருந்தவளும் தாண்டினாள். தம்பி, அன்றைக்குத்தான் அவள் கட்டை. ஆக்கியது நீங்கள் கேட்கும் கூடுதல் பயிற்சி!

போட்டிக்கு முன் இப்படிப் பயிற்சியைக் குறைப்பதை 'டேப்பர்' என்பார்கள். டேப்பர் என்றால் சும்மா கிடப்பதல்ல. கடைசி இரண்டு வாரங்களில் தூரத்தை ஏறக்குறையப் பாதியாக்குகிறோம். வேகத்தில் கைவைப்பதில்லை, தண்ணீரில் இறங்கும் நாள்களையும் பெரிதாகக் குறைப்பதில்லை. சிறுபிள்ளைகள் நீந்தும் தூரமே குறைவு, அவர்களுக்குச் சில நாள்களே போதும். 2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு முந்தைய மூன்று வாரங்களில், இப்படிக் குறைத்த வீரர்களை ஆராய்ந்தார்கள். சராசரியாக 2 சதவீதத்துக்கு மேல் முன்னேற்றம். 60 விநாடிப் போட்டியில் அது ஒரு விநாடிக்கும் மேல்! 2008 பெய்ஜிங்கில் 100 மீட்டர் பட்டர்ஃப்ளையில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தங்கம் வென்றது 0.01 விநாடியில்.

சரி, கணக்கை விடுங்கள். அன்று குளத்தைவிட்டு ஏறி வந்தவள், நான் நீட்டிய துண்டைக்கூட வாங்கவில்லை. "அப்பா, நான் இன்னும் கொஞ்சம் பயிற்சி எடுத்திருக்கணுமோ?" என்று கேட்டாள். நாளுக்கு 6 கிலோமீட்டர் நீந்திய பிள்ளை கேட்கிறது, நடுவர் அவர்களே! எனக்கு வாய் வரவில்லை. துண்டைப் போர்த்தித் தோளோடு அணைத்தேன்.

"தொடாதீங்கப்பா, தோள் வலிக்குது" என்றாள்.