ஜாவா சத்தமில்லாமல் பெயரைத் தின்கிறது!

வணக்கம் மக்களே! குறியாக்கப் பிழை, அதாவது எழுத்தைப் பைட்டாகவும் பைட்டை எழுத்தாகவும் மாற்றும்போது வரும் கோளாறு, என்றாலே எனக்குக் கோபம் வரும், பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்த வாரம் உச்சிக்கு ஏறிவிட்டது.

ஒரு சிஎஸ்வி கோப்பு வந்தது, காற்புள்ளி போட்டுப் பிரித்த அட்டவணை. ஜாவா மொழியில் எழுதிய என் நிரலில் இறக்குமதி செய்து திறந்தால் ‘தமிழ்ச்செல்வி’ என்ற பெயர் ‘தமிழ்ச’ என்று நிற்கிறது, பக்கத்தில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி. ஸ்கிரீனைப் பாருங்கள். அனுப்பியவர்கள் பெயரை 20 பைட்டில் வெட்டியிருக்கிறார்கள். எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் குறியாக்கமான யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி, ச, ஆக 18. அடுத்த புள்ளிக்கு இரண்டே பைட், பாதியில் அறுந்துவிட்டது.

வெட்டியது அவர்கள் தப்பு, சரி. ஆனால் ஜாவா ஏன் சொல்லவில்லை? பைட்டுகளை எழுத்தாகப் படிக்கும் இன்புட்ஸ்ட்ரீம்ரீடரிடம் யுடிஎஃப்-8 என்று சொல்லிக் கொடுத்தால், அறுந்த பைட்டுகளைத் தூக்கிப்போட்டு, கேள்விக்குறியை வைத்துவிட்டுக் கமுக்கமாகப் போய்விடுகிறது. அதே கோப்பை, எல்லா வரிகளையும் ஒரேயடியாகப் படிக்கும் ஃபைல்ஸ்.ரீட்ஆல்லைன்ஸ் படித்தால் எக்ஸெப்ஷன், அதாவது பிழை அறிவிப்பு, போட்டு நிறுத்திவிடுகிறது. ஒரே கோப்பு, ஒரே நூலகம்! இன்னும் கேளுங்கள், அதே ரீடருக்கு யுடிஎஃப்-8க்குப் பதிலாக அதன் நியூடீகோடர் தரும் டீகோடரை, அதாவது பைட்டை எழுத்தாக்கும் கருவியை, கொடுத்தால் அதுவும் நிற்கிறது. டீகோடரின் இயல்பு பிழையைச் சொல்வது. ரீடர் தானாக உருவாக்கும்போது மட்டும் ‘ரீப்ளேஸ்’, அதாவது பிழைக்குப் பதில் கேள்விக்குறி, என்று மாற்றிக்கொள்கிறது.

இது சின்ன விஷயம் இல்லை. அந்தக் கேள்விக்குறியோடு திரும்பச் சேமித்தால் மூலப் பைட்டுகள் போயே போச்சு, எதைக் கொண்டும் மீட்க முடியாது.

நியூடீகோடர் என்று ஒரே ஒரு சொல் சேர்த்தேன். இறக்குமதி டக்கென்று நின்றது! எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் செய்தியைப் பாருங்கள்: ‘இன்புட் லெங்த் = 2’. அவ்வளவுதான். எந்தக் கோப்பு? எந்த வரி? மூச்சே இல்லை. அந்தப் பெயரின் பைட்டுகளை இன்னொரு நிரல்மொழியான பைத்தானில் டீகோட் செய்தால், பிழை 18-19ஆம் இடத்தில் என்று விரல் வைத்துக் காட்டுகிறது. அங்கே கேள்விக்குறி வேண்டுமென்றால் நாமே கேட்டு வாங்க வேண்டும். இதுதான் முறை!

ஆ, ஒன்று விட்டுப்போனது. 2022இல் ஜாவாவின் 18ஆம் பதிப்பு யுடிஎஃப்-8ஐ இயல்பான குறியாக்கம் ஆக்கியதே, போதாதா என்பீர்கள். அது எந்தக் குறியாக்கம் என்பதைத்தான் மாற்றியது. பிழை வந்தால் என்ன செய்வது என்பது அப்படியேதான் இருக்கிறது.

பைட் வரிசையை நேராக ஸ்டிரிங், அதாவது எழுத்துச் சரம், ஆக்கும் ஜாவாவின் கன்ஸ்ட்ரக்டரும் இதே கமுக்கம்தான். உங்கள் கோடில் தேடிப் பாருங்கள், எத்தனை இடத்தில் இருக்கிறது என்று கமெண்டில் போடுங்கள்.